முன்யோசனை, தும்பிக்கையோடு

ஒரே பிரதிதான் இருந்தது,
எர்டெனெட் சந்தையில் கையுறை விற்பவளிடம்,
பழைய பூட்ஸ்களுக்கு அடியில்.
அட்டையில் மழை, இரும்புக் கேட்,
தொப்பி வைத்த ஒன்பது சிறுமிகள்.
யஞ்சிமா பாதிப் பணம், நான் பாதிப் பணம்.
அவளுக்குப் பகல் ஷிப்ட், எனக்கு இரவு.
ரொட்டி அறுக்கும் கத்தியால்
நூற்று இருபதாம் பக்கத்தில் பிளந்தோம்.
உதிர்ந்த ஒரு தாள் பனிச்சேற்றில் ஊறிப்போயிற்று.
சீட்டுப் போட்டதில் தொடக்கம் எனக்கு வந்தது.

வசந்தத்தில் புது இயந்திரங்கள் வருகின்றன,
கையேடுகள் ஆங்கிலத்தில்.
தேர்வில் முதலில் வருகிறவள்
கட்டுப்பாட்டு அறைக்குத் தலைவி.
ஒருத்திதான்.
அதை நாங்கள் பேசிக்கொள்ளவில்லை.

முதல் வாக்கியத்துக்கு ஒரு முழு இரவு ஆனது.
புரூடென்ஸ் என்பது ஒரு பெயர் என்று எனக்குத் தெரியாது.
அகராதி சொன்னது: முன்யோசனை.
டிரங்க் என்றதற்கு யானையைத்தான் முதலில் காட்டியது.
ஆக, என் முதல் ஆங்கில வாக்கியத்தில்
முன்யோசனை, தும்பிக்கையோடு,
ரயிலைவிட்டு இறங்கிற்று.
வெளியே மைனஸ் முப்பத்தொன்று.
கண்ணாடிக்கு அப்பால் ஏழு அரைவை உருளைகள்
செப்புப் பாறையை மென்றுகொண்டிருந்தன.
வாய்விட்டுச் சிரித்தேன்.
சிரிப்பு எனக்கே கேட்கவில்லை.

பிறகு அவள் அழுத பக்கம்.
கம்பளிக்குள் தலையை இழுத்துக்கொண்டு, சத்தம் வராமல்.
அதற்கு அகராதி வேண்டியிருக்கவில்லை.
எட்டு வயதில் என்னையும் விட்டுப் போனார்கள்,
மேய்ப்பர் பிள்ளைகளின் விடுதியில்,
உறைந்த ஆட்டிறைச்சி ஒரு மூட்டையோடு.
ஆனால் எங்களில் யாருக்கும் கேக் பார்சல் வந்ததில்லை.
அந்த இடத்தில் அவள்மேல் கோபம் வந்தது.
சொற்களை மட்டும் எழுதிக்கொண்டேன்:
உலர்ந்த திராட்சை. ரிப்பன். அநியாயம்.

ஷிப்ட் மாறும் பத்து நிமிடம்,
உப்புப் போட்ட பால் தேநீர், ஆங்கிலம் மட்டும்.
"அவள் பாவம்," என்றேன்.
"அவளா! சின்னப் பெண்களைக் குளிரில் நிற்கவைக்கிறாள்."
"அது வேறு யாராவது."
"அவளேதான். சட்டையில் வெள்ளி பேட்ஜ்."
ஒருநாளும் நம்பமாட்டேன் என்று
சொல்ல நினைத்தேன், வரவில்லை.
எதிர்காலம் வரைக்கும்
நான் இன்னும் படித்திருக்கவில்லை.

என் கடைசிப் பக்கம் இப்படி அறுந்து நிற்கிறது:
புரூடென்ஸ் கதவைத் திறந்தாள், அங்கே
யஞ்சிமாவின் முதல் பக்கம் இப்படித் தொடங்குகிறது:
யாரும் இல்லாததால் தானே மணியை அடித்தாள்.
இடையில் ஒரு தாள் இல்லை.
சேர்த்து வாசித்தால் பொருள் வரத்தான் செய்கிறது,
அதுதான் உறுத்துகிறது.

மார்ச்சில் தேர்வு. யஞ்சிமா முதலில் வந்தாள்.
எனக்கு ஆறு மதிப்பெண் குறைவு.
பொறுப்பேற்ற அன்று காலை
புது பேட்ஜைத் தடவிப் பார்த்துக்கொண்டே
"முதுகை நேராக வைத்து நில்," என்றாள் என்னிடம்,
ஆங்கிலத்தில்.
கேலியா என்று கேட்க இருந்தேன். பஸ் வந்துவிட்டது.

அதற்குப் பிறகு தேநீர் இல்லை.
அவளுக்குக் கூட்டங்கள்.
என் பாதிப் புத்தகம் லாக்கரில்,
ஹெல்மெட்டுக்கு அடியில் கிடந்தது.

ஷிப்ட் ஏடும் இப்போது ஆங்கிலத்தில்தான்.
நேற்றிரவு நான்காம் உருளை சூடேறி உறுமியது.
பாறை ஊட்டும் பட்டையை நிறுத்திவிட்டு,
கையேட்டில் இதற்கு என்ன சொல் என்று
பதினைந்து நிமிடம் தேடினேன்.
கடைசியில் எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் எழுதினேன்:

நான்காம் எண் இன்று மிகவும் குறும்பு செய்தாள்.
இரவுச் சாப்பாடு இல்லாமல் படுக்க அனுப்பப்பட்டாள்.

இன்று மாலை ஏட்டைத் திறந்தேன்.
கீழே தலைவியின் கையெழுத்து, தேதி, நேரம்.
ஓரத்தில், பென்சிலில், சின்னதாக:

அழுதாளா?